கடல் தாண்டும் கார்டுகள்: எந்த வழியில் அனுப்பலாம்?

போக்கிமான் என்ற, சேகரித்து விளையாடும் கார்டுகளின் முதல் ஆங்கிலத் தொகுதி 1999-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. மொத்தம் 102 கார்டுகள். அவற்றில் பெரும்பகுதி நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் ஒரு ஷூ பெட்டிக்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. வேலை கிடைத்து வேறு மாநிலத்துக்குப் போய்விட்ட என் மகன் ஒருநாள் தொலைபேசியில், “அம்மா, அந்தப் பெட்டியை நீங்களே விற்றுவிடுங்கள், எனக்குச் சாரிசார்ட் கார்டு ஒன்று போதும்” என்றான். அப்படித்தான் நான் ஈபே என்ற இணையத் தளத்தின் ஏலத்துக்குள் வந்தேன். பிறகு அவனுடைய நண்பர்களின் பெட்டிகளும் வந்து சேர்ந்தன.

ஏலம் போட்ட முதல் வாரத்திலிருந்தே ஒரே கேள்வி: “எங்கள் நாட்டுக்கு அனுப்புவீர்களா?” ஆஸ்திரேலியாவிலிருந்து கேட்டார்கள், ஜெர்மனியிலிருந்து கேட்டார்கள், சிங்கப்பூரிலிருந்தும் கேட்டார்கள். ஆறு மாதம் எல்லோருக்கும் “இல்லை” என்றே எழுதினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது, ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது.

ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தீர்மானிப்பவர் இரண்டாம் இடத்தில் நின்றவர். ஈபேயில் ஒருவர் தன் உச்ச விலையை எழுதிவைத்தாலும், அடுத்தவரின் உச்சத்துக்கு ஒரு படி மேலே மட்டுமே விலை ஏறும். மெல்போர்னில் இருப்பவர் 60 டாலர் வரை கேட்கத் தயாராக இருந்தால், ஓஹாயோவில் இருப்பவர் 61 டாலர் கொடுத்துத்தான் அந்தக் கார்டை எடுக்க முடியும். மெல்போர்ன்காரரை நான் வாசலிலேயே தடுத்துவிட்டால் அதே கார்டு 40 டாலருக்குப் போய்விடலாம். கார்டு கடலைத் தாண்டாத விற்பனையில்கூட, கடல் தாண்டி வந்த ஆர்வம் நமக்குப் பணமாகிறது.

ஆனால் அந்த மெல்போர்ன்காரர் தன் விலையை எழுதுவதற்கு முன் அனுப்பும் செலவைப் பார்க்கிறார். செலவு 5 டாலர் கூடினால் அவர் எழுதும் தொகை 5 டாலர் குறைகிறது. ஆகவே எந்த வழியில் அனுப்புவது என்பதை விற்ற பிறகு யோசிக்கக் கூடாது, ஏலம் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். முடிவு செய்யும்போது “எது மலிவு?” என்று கேட்பதைவிட, “வழியில் தொலைந்தால் யாருடைய பணம் போகும்?” என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தக் கேள்வியை வைத்துத்தான் கீழே ஒவ்வொரு வழியையும் எடை போட்டிருக்கிறேன். எல்லாம் அமெரிக்காவிலிருந்து அனுப்புபவருக்கான கணக்கு.

தபால்தலை ஒட்டிய உறை

ஒரு கார்டின் எடை ஏறக்குறைய 2 கிராம். 2025 ஜூலையில் ஒரு அவுன்ஸ் வரையிலான வெளிநாட்டுக் கடிதத்துக்குத் தபால்தலை 1.70 டாலர் ஆனது. கார்டை ஓர் உறையில் போட்டு, தபால்தலையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிடலாம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். பல ஆண்டுகளாகச் சேகரிப்பாளர்கள் அப்படித்தான் அனுப்பிவந்தார்கள்.

2018 ஜனவரி முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் மாற்றத்தைத் தொடர்ந்து, வெளிநாட்டுக் கடித உறைக்குள் ஆவணங்கள் மட்டுமே இருக்கலாம் என்று அமெரிக்க அஞ்சல் துறை விதி செய்தது. விற்ற கார்டு ஆவணம் இல்லை, அது சரக்கு. சுங்கப் படிவம் ஒட்டிய பார்சலாகத்தான் அது போக வேண்டும். இன்றும் பலர் உறையில் அனுப்பத்தான் செய்கிறார்கள், பல உறைகள் போய்ச் சேரவும் செய்கின்றன. நானும் தொடக்கத்தில் விதி தெரியாமல் 22 டாலருக்குப் போன ஒரு கார்டை நார்வேக்கு அப்படி அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை. டிராக்கிங் எண் இல்லாததால் நான் அனுப்பியதை நிரூபிக்கவும் வழியில்லை. வாங்கியவர் நாகரிகமாகத்தான் எழுதினார், அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விதிக்குப் புறம்பான வழி, அதிலும் இழப்பு முழுவதும் நம் தலையில். இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அஞ்சலகத்தின் சிறு பார்சல்

சட்டப்படி உள்ள மலிவான நேரடி வழி, ஃபர்ஸ்ட் கிளாஸ் பேக்கேஜ் இன்டர்நேஷனல் என்ற சேவை. 4 பவுண்டு எடை வரை அனுப்பலாம். உள்ளே இருக்கும் பொருளின் மதிப்பு 400 டாலரைத் தாண்டக் கூடாது. காப்பீடு கிடையாது. டிராக்கிங் சில நாடுகளில் வீட்டு வாசல் வரை வரும், சில நாடுகளில் எல்லையோடு நின்றுவிடும்.

கனடா போன்ற பக்கத்து நாடுகளை விட்டுவிட்டால், கட்டணம் பெரும்பாலும் 15 டாலருக்கு மேல் தொடங்குகிறது. கணக்குக்காக 17 டாலர் என்று வைத்துக்கொள்வோம். லண்டனில் இருப்பவர் 30 டாலருக்கு ஒரு கார்டை வெல்கிறார். அனுப்பும் செலவோடு 47 டாலர். அதன் மேல் பிரிட்டனின் 20 விழுக்காடு வாட் வரி 9.40 டாலர். ஆக, 30 டாலர் கார்டு அவர் கையில் 56.40 டாலராகிறது. இதைக் கண்கூடாகப் பார்த்தபிறகு ஏன் பிரிட்டனிலிருந்து யாரும் 10 டாலர் கார்டுக்கு விலை கேட்பதில்லை என்ற குழப்பம் எனக்குத் தீர்ந்தது.

ஆனால் இதே சேவையில் ஒரு நல்ல அம்சம் ஒளிந்திருக்கிறது. முதல் 8 அவுன்ஸ் வரை, அதாவது ஏறக்குறைய 227 கிராம் வரை, ஒரே கட்டணம். ஒரு கார்டு அனுப்பினாலும் 17 டாலர், உறையிட்ட பத்துக் கார்டுகள் அனுப்பினாலும் 17 டாலர். பத்தாகப் பிரித்தால் கார்டுக்கு 1.70 டாலர், அதாவது தபால்தலையின் அதே விலைக்கு டிராக்கிங் எண்ணும் சுங்கப் படிவமும் சேர்ந்து கிடைத்துவிடுகின்றன. ஆகவே சிறிய கார்டுகளை வெளிநாட்டவருக்கு ஒவ்வொன்றாக விற்பதை நான் விட்டுவிட்டேன். ஒரே தொகுதியைச் சேர்ந்த பத்துப் பதினைந்து கார்டுகளைக் கட்டாக ஏலம் விடுகிறேன். அல்லது பத்து நாள் காத்திருந்து, ஒருவர் வென்றதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிறேன். தன் தொகுதியில் விடுபட்ட எண்களைத் தேடிக்கொண்டிருக்கும் சேகரிப்பாளருக்கு இதைவிட உகந்த ஏற்பாடு இல்லை.

இந்த வழியில் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 அன்று, 22 யூரோ வரையிலான பொருளுக்கு இருந்த வரி விலக்கை நீக்கியது. அன்றிலிருந்து 150 யூரோ வரையிலான பொருளுக்கு ஈபே போன்ற தளங்களே வாட் வரியை வாங்கும்போதே வசூலித்துவிடுகின்றன. வசூலித்ததற்கு அடையாளமாக ஐஓஎஸ்எஸ் என்ற எண் ஒன்று இருக்கிறது. அந்த எண் மின்னணுச் சுங்கத் தகவலில் போய்ச் சேர்ந்தால்தான், வரி கட்டியாகிவிட்டது என்று அந்த நாட்டுச் சுங்க அதிகாரிக்குத் தெரியும். அஞ்சலகத்துக்குப் போய் அவசரமாகப் படிவத்தை எழுதி அனுப்பினால் அந்த எண் போகாமல் போய்விடும். மியூனிக்கில் என்னிடம் வாங்கிய ஒருவர் இதனால் ஒரே கார்டுக்கு இரண்டு முறை வரி கட்டினார். பிழை என்னுடையது. தளத்தின் வழியாகவே முகவரிச் சீட்டை வாங்கி அச்சிட்டால் இந்த எண்ணும் மற்ற விவரங்களும் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

பிரிட்டனிலும் 2021 ஜனவரி முதல் 135 பவுண்டு மதிப்பு வரை இதே முறைதான். அதற்கு மேல் போனால் எல்லையில் வரி, அதோடு ராயல் மெயிலின் 8 பவுண்டு கையாளும் கட்டணம். ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையும், சிங்கப்பூரில் 400 சிங்கப்பூர் டாலர் வரையும் தளமே ஜிஎஸ்டி வாங்கிக்கொள்கிறது. கனடாவில் வரி வசூலிக்க நேர்ந்தால் கனடா போஸ்ட் 9.95 கனடிய டாலரைக் கட்டணமாகச் சேர்க்கிறது. ஏல விவரத்திலேயே இவற்றை இரண்டு வரியில் எழுதிவிடுகிறேன். எதிர்பாராமல் வரும் கட்டணத்துக்கு வாங்குபவர் நம்மைத்தான் கோபித்துக்கொள்கிறார்.

இல்லினாய் வழியாகப் போவது

ஈபே இன்டர்நேஷனல் ஷிப்பிங் என்ற சேவை 2022-இல் அமெரிக்க விற்பனையாளர்களுக்கு வந்தது. நாம் கார்டை இல்லினாய் மாநிலத்தில் கிளென்டேல் ஹைட்ஸ் என்ற ஊரிலுள்ள மையத்துக்கு உள்நாட்டுப் பார்சலாக அனுப்பினால் போதும். அங்கிருந்து வெளிநாடு போகும் செலவையும் இறக்குமதி வரியையும் வாங்குபவர் முன்கூட்டியே கட்டிவிடுகிறார். சுங்கப் படிவம் எழுதும் வேலை நமக்கு இல்லை. வெளிநாட்டு முகவரிக்கு விற்கும்போது ஈபே வழக்கமாகப் பிடிக்கும் 1.65 விழுக்காட்டுக் கட்டணமும் இந்த வழியில் இல்லை.

என் கேள்விக்கு இந்த வழி தரும் பதில்தான் மிகத் தெளிவானது. மையத்தில் கார்டு நல்லபடியாகச் சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு தொலைந்தாலும் உடைந்தாலும் இழப்பு நம்முடையதில்லை. ஒரு கார்டுக்காக மூன்று வாரம் தூக்கம் கெட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். 20 டாலரிலிருந்து சில நூறு டாலர் வரை விலை போகும் தனிக் கார்டுகளுக்கு, வீட்டிலிருந்து விற்கும் என் போன்றவர்கள் இதைத்தான் முதல் தேர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

குறைகளும் இருக்கின்றன. நேரடியாகப் போவதைவிடப் பல நாட்கள் கூடுதலாகும். பல ஏலங்களில் வென்றதை ஒரே பார்சலாகச் சேர்ப்பது, நம் கையால் கட்டி அனுப்புவதைப்போல் எளிதாக இல்லை. பார்சல் ஒரு கூடுதல் கை மாறுகிறது, சில வேளை பிரித்துப் பார்த்து மறுபடி கட்டுவார்கள் என்ற எண்ணத்தோடுதான் பொதிய வேண்டும். முக்கியமாக, விலைமதிப்புக் குறைந்த கார்டில் வாங்குபவர் காணும் மொத்தத் தொகை அவரைத் திகைக்க வைக்கிறது. 12 டாலர் கார்டுக்கு இந்த வழியும் உதவாது. அதைக் கட்டில் சேர்த்துவிடுவதே நல்லது.

கூரியர்

400 டாலருக்கு மேல் போனால் சிறு பார்சல் சேவை கதவை மூடிவிடுகிறது. அஞ்சல் துறையின் பிரயாரிட்டி மெயில் இன்டர்நேஷனலில் 200 டாலர் வரை காப்பீடு சேர்ந்தே வருகிறது, நாட்டைப் பொறுத்து மேலும் வாங்கலாம். தனியார் கூரியர்கள் வேகமானவை, நாலைந்து நாளில் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். அந்த வேகத்தைப் பார்த்து மயங்கிவிடாமல் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும். ஃபெடெக்ஸின் சேவை விதிகளில் விளையாட்டுக் கார்டுகள் போன்ற சேகரிப்புப் பொருள்களுக்கு அறிவிக்கக்கூடிய மதிப்பின் உச்சவரம்பு 1,000 டாலர். 3,000 டாலர் கார்டு தொலைந்தால் மீதி 2,000 டாலருக்கு அங்கே பதில் இல்லை. அந்த விலைக்கு விற்பவர்கள் சேகரிப்புப் பொருள்களுக்கென்றே உள்ள தனிக் காப்பீட்டை எடுத்துக்கொள்வது அவசியம். மேலும், கனடா தவிர மற்ற நாடுகளுக்கு 2,500 டாலருக்கு மேற்பட்ட ஏற்றுமதியை அரசின் மின்னணு முறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் தரம் பிரித்துப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த விலையுயர்ந்த கார்டுகளுக்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அவர்களுடைய பெட்டகத்தில் கார்டை வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே உரிமையை மட்டும் மாற்றிவிடுவது. முதலீடாக வாங்குபவருக்கு அது பொருந்தும். கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க ஆசைப்படுபவருக்குப் பொருந்தாது. நான் விற்பது பெரும்பாலும் இரண்டாவது வகையினருக்குத்தான்.

எந்த வழியானாலும் பொதிவது

வழியைத் தேர்ந்தெடுப்பதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியைப் பொதிவதில் செலவழித்தால் புகார்கள் பெரும்பாலும் எழுவதே இல்லை. கார்டு 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சின்னத் தாள். அதன் நான்கு மூலைகளில்தான் விலை இருக்கிறது.

முதலில் பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை. அதன் மேல் டாப்லோடர் என்ற, மேல்வாய் திறந்த கெட்டியான பிளாஸ்டிக் உறை. டாப்லோடரின் வாயைச் சாதாரண செல்லோ டேப்பால் ஒட்டக் கூடாது. கழற்றும்போது பசை பிளாஸ்டிக்கில் நிற்கும், சில வேளை கார்டும் இழுபடும். சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீல டேப்பை ஒட்டி, அதன் நுனியைக் கொஞ்சம் மடித்து விடுங்கள். திறப்பவர் நகத்தால் சுரண்ட வேண்டியிருக்காது. பிறகு காற்றுப் புகாத சிறு பை. ஹோலோ என்ற பளபளக்கும் போக்கிமான் கார்டுகளில் உலோகப் படலமும் தாளும் சேர்ந்திருக்கின்றன. தாள் ஈரத்தை உறிஞ்சும், படலம் உறிஞ்சாது. அதனால் ஈரமான ஊருக்குப் போகும் கார்டு வளைந்துகொள்கிறது. சிங்கப்பூருக்கு அனுப்பும்போது நான் இந்தப் பையை ஒருபோதும் விடுவதில்லை.

அதற்கு மேல் இரண்டு நெளி அட்டைகள். டாப்லோடரைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது பெரிதாக இருக்கட்டும். ஓர் அட்டையின் நெளிவரிகள் நெடுக்காகவும் மற்றதன் வரிகள் குறுக்காகவும் இருக்கும்படி வைத்தால், எந்தப் பக்கம் அழுத்தினாலும் மடங்காது. பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த கார்டானால் உறை போதாது, குமிழித்தாள் சுற்றிச் சிறு பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

சுங்க அதிகாரி பிரித்துப் பார்க்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக் கட்டுங்கள். டேப்பை எட்டுச் சுற்றுச் சுற்றினால் அவர் கத்தியை எடுக்க வேண்டிவரும், அந்தக் கத்தி எங்கே இறங்கும் என்று நமக்குத் தெரியாது. எளிதாகத் திறந்து எளிதாக மூடும்படி இருந்தால் கார்டு பிழைக்கும். கட்டுவதற்கு முன் கார்டின் முன்பக்கம், பின்பக்கம், கூட்டின் சான்றிதழ் எண், தராசில் காட்டிய எடை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஒருமுறை வேறொரு கார்டை நான் அனுப்பியதாகப் புகார் வந்தபோது, அந்தப் படங்கள்தான் எனக்குச் சாட்சி சொன்னன.

மதிப்பைக் குறைத்து எழுதச் சொன்னால்

“பரிசு என்று போடுங்கள், 10 டாலர் என்று எழுதுங்கள்” என்று கேட்பவர்கள் வருவார்கள். பலரும் நல்லவர்கள்தான், வரிக்குப் பயந்து கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுகிறேன். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து. விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய்யான அறிக்கை. அதோடு, 180 டாலர் கார்டுக்கு 10 டாலர் என்று எழுதி அனுப்பித் தொலைந்தால், இழப்பீடு கேட்கும் உரிமையும் 10 டாலருக்குச் சுருங்கிவிடும். வாங்கியவருக்குத் திருப்பித் தர வேண்டியதோ 180 டாலர்.

சில வெளிநாட்டவர்கள் டெலவேர் அல்லது ஓரிகானில் உள்ள சரக்கு முகவரின் முகவரியைக் கொடுக்கிறார்கள். அந்த இரு மாநிலங்களிலும் விற்பனை வரி இல்லை. இது விற்பவருக்கு நன்மையான ஏற்பாடே. அந்த முகவரியில் சேர்ந்ததை டிராக்கிங் காட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது, அங்கிருந்து அப்பால் போவது வாங்கியவரின் பொறுப்பு. அந்த முகவரியை நாமாக மாற்றாமல், தளத்தில் பதிவாகியுள்ளபடியே அனுப்ப வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

திரும்பி வரும் கார்டைப் பற்றியும் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்காவுக்குள் வரும் 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த தீர்வை விலக்கு நிறுத்தப்பட்டது. அதையொட்டி இந்தியா உட்படப் பல நாடுகளின் அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்கான பார்சல்களைச் சில காலம் நிறுத்திவைத்தன. நேரடியாக அனுப்பிய கார்டை வாங்கியவர் திருப்பி அனுப்ப விரும்பினால், அது எந்த வழியாக, என்ன செலவில் வரும் என்ற சிக்கல் அன்றிலிருந்து கூடியிருக்கிறது. ஈபேயின் இல்லினாய் மையத்தின் வழியாகப் போனவற்றில் திருப்பி அனுப்புவதையும் அந்த ஏற்பாடே பார்த்துக்கொள்கிறது. 50 டாலருக்கு மேற்பட்ட தனிக் கார்டுகளை இப்போது அந்த வழியில் மட்டும் விற்பதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

நேரடி அஞ்சலை இரண்டு இடங்களில் மட்டும் வைத்திருக்கிறேன். ஒன்று, கட்டாகப் போகும் சிறு கார்டுகள். மற்றொன்று, நாலைந்து முறை வாங்கிப் பழகிவிட்ட வாடிக்கையாளர்கள். மெல்போர்னில் ஒருவர் முதல் தொகுதியின் 102 கார்டுகளையும் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவர் பெயரில் என் மேசை இழுப்பறையில் ஓர் உறை எப்போதும் இருக்கிறது. வென்ற கார்டுகளை அதில் சேர்த்துவைத்து, 8 அவுன்ஸ் நெருங்கும்போது ஒரே பார்சலாக அனுப்பிவிடுகிறேன். போன வாரம் எடை பார்த்தேன், 5 அவுன்ஸ் ஆகியிருக்கிறது.